செல்லுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திய அண்ணன்

கேள்வி: சாலவாக்கம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அண்ணனுக்கு 36 வயது. கிரஷருக்கு டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ராத்திரியெல்லாம் தூங்காமல், யாரோ பின்னாலேயே வருகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். மந்திரித்தோம், சோளிங்கர் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். கடைசியில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் வாரம் எங்களை உள்ளே விடவில்லை. நன்றாகித்தான் வீட்டுக்கு வந்தார். மாத்திரை சாப்பிட்டார், வேலைக்குப் போனார். மூன்று மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். பழையபடி தூக்கம் இல்லை, தனக்குத்தானே பேசுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் "மறுபடியும் அந்த செல்லுல போடப் பாக்குறியா" என்று கத்துகிறார். அங்கே இரண்டு நாள் தனி ரூமில் வைத்துப் பூட்டினார்களாம். இத்தனை வருஷம் எங்களிடம் சொல்லவே இல்லை. அந்த டாக்டரைக் கேட்டால் "அவரோட பாதுகாப்புக்காகத்தாம்மா" என்கிறார். பின்கட்டு ரூமில் வைத்துப் பூட்டிவிடலாம் என்கிறாள் அம்மா. நாலு பேரைக் கூட்டி வந்து வண்டியில் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார் மாமா. நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட வேண்டாம், சாலவாக்கம்

பதில்: அம்மா சொல்வதும் வேண்டாம், மாமா சொல்வதும் வேண்டாம் தங்கையே. அண்ணன் சொல்வதை முதலில் நம்புங்கள்.

அவர் மாத்திரையை நிறுத்தியதில் நோய்க்குப் பங்கு உண்டு. அந்த இரண்டு நாளுக்கும் பங்கு உண்டு. தனி அறையில் பூட்டப்பட்டவர்கள் உடம்பு தேறிய பிறகு நிதானமாக உட்கார்ந்து பேசும்போது சொல்வதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அணைக்க நம் கையில் சுவிட்ச் இல்லை. கடிகாரம் இல்லை, பகலா ராத்திரியா தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் "இன்னும் அடங்கல" என்று நினைத்துக்கொள்வார்களோ என்று பயந்து தட்டாமலே கிடந்தேன். கழிவறைக்குப் போகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் மூலையிலேயே... இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுவார்கள். ஐந்தாறு வருஷம் போன பிறகும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வார்கள். உங்கள் அண்ணன் இத்தனை நாள் வாய் திறக்காததற்கு இந்த வெட்கமே போதுமான காரணம். ஊரில் தலை நிமிர்ந்து வண்டி ஓட்டிய ஆள், தங்கையிடம் இதை எப்படிச் சொல்வார்?

இவை எல்லாவற்றையும்விட ஆழமாகத் தங்குவது ஒன்று: "எதுக்குப் போட்டாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." காரணம் சொல்லப்படாதபோது, தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும். ஏற்கனவே யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் மனிதரை நாலு பேர் பிடித்து ஓர் அறையில் போட்டுப் பூட்டினால், அவர் நம்பியது சரி என்று நாமே நிரூபித்துக் காட்டியதாக ஆகிவிடுகிறது.

டாக்டர் "பாதுகாப்புக்காக" என்றதும் பொய் இல்லை. வார்டில் வேலை பார்க்கும் பலர், தனியே விட்டால் மனசு அடங்கும், மற்ற நோயாளிகளுக்கும் ஆபத்து இல்லை என்று உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் பயம், அவமானம், கைவிடப்பட்ட உணர்வு என்றே சொல்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகளிலும் இந்த இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறது. சிறு பகுதியினர், "சத்தமெல்லாம் நின்னுது, அப்பாடான்னு இருந்துச்சு" என்றும் சொல்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. அப்படிச் சொல்பவர்களிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால், அன்றைக்கு யாரோ ஒரு நர்ஸ் கதவருகே வந்து பேசியிருப்பார், எப்போது திறப்போம் என்று சொல்லியிருப்பார்.

கட்டி வைப்பதும் பூட்டி வைப்பதும் நோயாளிகளை என்ன செய்கின்றன என்று பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2019இல் வந்தது. அப்படி நடத்தப்பட்டவர்களில், விபத்திலோ கலவரத்திலோ சிக்கியவர்களுக்கு வருவதைப் போன்ற அதிர்ச்சிப் பாதிப்பு, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், 100க்கு 25 முதல் 47 பேர் வரை இருந்ததாக அதில் காண்கிறோம். திடுக்கிட்டு விழிப்பது, கதவு சாத்தும் சத்தத்துக்கு உடம்பு நடுங்குவது, அந்த இடத்தின் பேரைக் கேட்டாலே கோபப்படுவது எல்லாம் இதில் சேரும். அண்ணன் கத்துவதில் பாதி இதுவாக இருக்கலாம். தென்னிந்தியாவில் 200 உள்நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஊசி, கட்டு, பூட்டு என்று ஏதாவது ஒரு கட்டுப்பாட்டைச் சந்தித்திருந்தார்கள். ஆகவே அண்ணனுக்கு நடந்தது எங்கோ அபூர்வமாக நடப்பது என்று எண்ண வேண்டாம்.

இப்போது சட்டம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தது அதற்குப் பிறகு. அதன் 97ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரைத் தனியே அடைத்து வைக்கவே கூடாது என்கிறது. "தேவைப்பட்டால்", "டாக்டர் அனுமதித்தால்" என்ற விதிவிலக்கு எதுவும் தனி அடைப்புக்குக் கிடையாது. கதவில் "அமைதி அறை" என்று எழுதியிருந்தாலும் "கண்காணிப்பு அறை" என்று எழுதியிருந்தாலும், ஆளை உள்ளே தனியாக விட்டு வெளியே பூட்டினால் அது தனி அடைப்புதான்.

உடம்பைப் பிடித்து வைப்பதற்கும் கட்டுவதற்கும் மட்டும் அந்தப் பிரிவு மிகக் குறுகிய வழி விட்டிருக்கிறது. நோயாளிக்கோ பிறருக்கோ அந்த நிமிஷமே ஆபத்து இருக்க வேண்டும், அதைத் தடுக்க வேறு வழி இல்லாமலும் இருக்க வேண்டும். சிகிச்சை தரும் மனநல மருத்துவர் அனுமதி தர வேண்டும். ஆபத்து நீங்கிய பிறகு ஒரு நிமிஷம்கூட நீடிக்கக் கூடாது. எப்படிக் கட்டினார்கள், ஏன், எவ்வளவு நேரம் என்பது உடனே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மாதா மாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். மிரட்டவோ தண்டிக்கவோ கட்டக் கூடாது. "ஆள் பத்தலம்மா, என்ன பண்றது" என்று நம் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி காதில் விழும் பதிலையும் சட்டம் பெயர் சொல்லி மறுத்திருக்கிறது: ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது. சங்கிலியை 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்ததை இந்த நாடு மறந்துவிட முடியாது.

சட்டம் இருக்கிறது, சரி. பூட்டு ஏன் இன்னும் தொங்குகிறது? ராத்திரி ஷிஃப்டில் ஒரு நர்ஸ், ஓர் உதவியாளர், நாற்பது நோயாளிகள் என்று இருக்கும் வார்டை நினைத்துப் பாருங்கள். அங்கே பூட்டு ஒரு பழக்கமாகிவிடுகிறது. பழக்கத்துக்கு வயசும் அதிகம். இங்கிலாந்தில் ஹான்வெல் மனநோய்க் காப்பகத்தின் பொறுப்பை 1839இல் ஏற்ற ஜான் கானலி, நோயாளிகளைக் கட்டி வைக்கும் தோல் வார்களையும் விலங்குகளையும் தூக்கி எறிந்து பெயர் வாங்கினார். அவற்றின் இடத்தில் வந்தவற்றுள் ஒன்று மெத்தை பதித்த தனி அறை. கட்டை ஒழித்தவரே பூட்டைக் கொண்டுவந்தார் என்பது மருத்துவ வரலாற்றின் குறும்பு. அறிவியல் ஆதரவாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. தனி அறை நோயைக் குணப்படுத்துகிறது என்பதற்கு முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு எழுதிவிட்டது.

பூட்டாமல் முடியுமா என்று மாமா கேட்பார். அவருக்கு வேலூரைக் காட்டுங்கள். சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்குவதுதான் வழக்கம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது பூட்டுக்கு வேலை குறைவு. முரட்டுத்தனமாக வந்து சேருகிறவர்களை ஊசியால் எவ்வளவு விரைவாக அமைதிப்படுத்த முடியும் என்ற ஆய்வும் அதே வேலூரில் நடந்தது. 2004இல் வெளியான அந்த ஆய்வில் 200 நோயாளிகள். இரண்டு வகை ஊசி மருந்து. எதைப் போட்டாலும் நான்கு மணி நேரத்தில் 100க்கு 96 பேர் அமைதியாகவோ தூங்கியோ இருந்தார்கள். இரண்டு நாள் எதற்கு?

ஊசி மட்டும் எல்லோருக்கும் இனிக்குமா என்றால் இல்லை. பலவந்தமாக ஊசி போட்டதையே பெரிய அவமானமாகச் சொல்பவர்களும் உண்டு. "ஊசி போட்டுத் தொலைங்க, ஆனா பூட்டாதீங்க" என்பவர்களும் உண்டு. எது குறைந்த கொடுமை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் அவரையே கேட்க வேண்டும் என்கிறேன். அதற்கு முன்னால், வீட்டுக்குள் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: பின்கட்டு ரூமில் பூட்டினால் அண்ணனுக்கு அதுவும் செல்தான். இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே டாக்டரும் இல்லை, கேஸ் ஷீட்டும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஆஸ்பத்திரியில் பூட்டியவர்கள் வேற்று ஆட்கள். வீட்டில் பூட்டுவது பெற்றவள். அந்தக் காயம் வேறு. சட்டப்படியும் சிக்கல்தான். தன் எல்லைக்குள் மனநோய் உள்ள ஒருவர் கொடுமைப்படுத்தப்படுகிறார் அல்லது கவனிப்பாரற்று இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், காவல் நிலையப் பொறுப்பதிகாரி நீதித்துறை நடுவருக்கு அறிக்கை தர வேண்டும் என்கிறது 101ஆம் பிரிவு. அம்மா கெட்டவர் இல்லை. ராத்திரி அண்ணன் எங்காவது வெளியே போய் லாரியில் அடிபட்டுவிடுவாரோ என்ற பயம்தான். அந்தப் பயத்துக்கு வேறு வழி இருக்கிறது. ராத்திரியில் யாராவது ஒருவர் முறை போட்டு விழித்திருங்கள். வாசல் கதவில் ஒரு சின்ன மணியைக் கட்டுங்கள். டிப்பர் சாவியும் பைக் சாவியும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். தூக்கமில்லாமல், குரல் கேட்டுக்கொண்டு வண்டி எடுக்கக் கூடாது. அரிவாள், பூச்சிமருந்து டப்பா, வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய மாத்திரைப் பட்டைகள் மூன்றையும் இன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

மாமா சொல்லும் நாலு பேர் வேண்டாம். அண்ணனிடம் ஒருவர் பேசினால் போதும். அவர் யாரை நம்புகிறாரோ அந்த ஒருவர். கடிதத்தைப் பார்த்தால் அது நீங்களாகத்தான் இருக்கும். கத்தும்போது எதிரே நின்று பேசாமல், பக்கவாட்டில், இரண்டு கை தூரம் தள்ளி உட்காருங்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள்; அவர் எழுந்து வெளியே போக வழி இருப்பது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. டிவியை அணையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். "யாரும் வரல, உனக்குத்தான் பைத்தியம்" என்று வாதாட வேண்டாம். "ஆமா, வராங்க" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது. தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். நோயாளி மறுக்காத பேச்சு அநேகமாகத் தூக்கம் ஒன்றுதான். குரல் கேட்பதை மறுப்பார், நோயை மறுப்பார், தூங்க முடியவில்லை என்பதை ஒத்துக்கொள்வார்.

இரண்டு காரியங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். "செங்கல்பட்டுல ஒரு கல்யாணம், வா" என்று ஏமாற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஒன்று. சாம்பாரில் மாத்திரையைப் பொடித்துக் கலப்பது இன்னொன்று. ஒரு முறை வேலை செய்யும். கண்டுபிடித்த நாளிலிருந்து வீட்டுச் சோற்றைத் தொட மாட்டார், உங்களையும் அந்தத் துரத்துகிற கூட்டத்தில் சேர்த்துவிடுவார். ஊரில் பாதிப் பேர் இதைத்தான் யோசனையாகச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

சோளிங்கருக்குப் போனதைப் பற்றிக் குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தேவையில்லை. சாமியும் கும்பிடட்டும், டாக்டரையும் பார்க்கட்டும். அங்கே போகும் நாட்களில் மாத்திரை நிற்காமல் இருந்தால் போதும்.

அண்ணன் கொஞ்சம் நிதானமாக இருக்கும் நேரம் ஒன்று நாளில் எப்படியும் வரும்; பெரும்பாலும் காலையில், டீ குடித்த பிறகு. அப்போது செல்லைப் பற்றிக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற பேச்சையே எடுக்காமல் கேளுங்கள். "அன்னைக்கு என்ன நடந்துச்சு அண்ணா? எனக்குத் தெரியாமப் போச்சே." சொன்னால் குறுக்கே பேசாதீர்கள், நியாயப்படுத்தாதீர்கள், "அப்ப நீ அப்படித்தான் பண்ணின" என்று ஞாபகப்படுத்தவும் வேண்டாம். பிறகு, "திரும்ப உடம்பு முடியாமப் போனா உன்னை எப்படிப் பாத்துக்கணும்னு நீயே சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்று நோட்டை எடுங்கள். அவர் சொல்லச் சொல்ல அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி இருக்கலாம்:

"ரெண்டு ராத்திரி தூங்கலைன்னா எனக்கு ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். அப்ப தங்கச்சி மட்டும் பேசட்டும், மாமா வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போனா தங்கச்சியோ அம்மாவோ கூட இருக்கணும். ஊசி போடணும்னா என்ன ஊசி, எதுக்குன்னு சொல்லிட்டுப் போடுங்க. என்னைத் தனியா பூட்டாதீங்க. சத்தம் இல்லாத இடத்துல உக்கார வைங்க. போன்ல இளையராஜா பாட்டு கேக்க விடுங்க. போன தடவை கொடுத்த மாத்திரையில வாய் கோணிக்கிச்சு, அது வேணாம்."

இந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று மனநலம் நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையை 5ஆம் பிரிவு தருகிறது. அதற்கு உரிய படிவம் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. தனக்காகப் பேசும் பிரதிநிதியை 14ஆம் பிரிவின்படி வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தே நியமிக்கலாம். அண்ணன் உங்களை நியமித்தால், 24 மணி நேரத்துக்குள் தகவல் வர வேண்டிய ஆள் நீங்கள்தான். இப்போது அவர் இருக்கும் நிலையில் எழுதுவது சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி வரலாம்; ஆகவே முறையான படிவத்தை அவர் தேறிய பிறகு போடுங்கள். நோட்டில் எழுதியதை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு விஷயத்தையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்: உயிருக்கு ஆபத்தான அவசரச் சிகிச்சையை இந்தக் காகிதம் தடுக்காது. தராத வாக்குறுதியைத் தந்ததாக அவர் பிறகு நினைக்கக் கூடாது.

எங்கே போவது? முதலில் போன். 14416 மத்திய, மாநில அரசுகளின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நீங்கள் முதலில் பேசுங்கள். அண்ணன் சம்மதித்தால் அவரும் பேசட்டும். முகம் தெரியாத ஆளிடம் பேசச் சிலர் சுலபமாக ஒத்துக்கொள்வார்கள். அடுத்து சாலவாக்கம் ஆரம்ப சுகாதார நிலையம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை, எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று அங்கே கேளுங்கள். வெளிநோயாளியாகப் பார்த்துத் தூக்கத்தைச் சரிசெய்துவிட்டாலே, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அவசியம் வராமல் போகலாம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவும் இருக்கின்றன. உங்கள் ஊருக்குச் செங்கல்பட்டு பஸ்தான் வசதி. 2019இல் மாவட்டம் பிரிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம்.

பழைய மாத்திரைப் பட்டையை எடுத்து நீங்களாகவே முன்பு கொடுத்த அளவில் ஆரம்பித்துவிடாதீர்கள். சில மருந்துகளை, முக்கியமாகக் குளோசபினை, இரண்டு நாள் விட்டாலே மறுபடி மிகக் குறைந்த அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும். பழைய சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். தினம் மாத்திரை விழுங்குவதுதான் அண்ணனுக்குச் சிரமம் என்றால், இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போடும் ஊசி அவருக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சேர்க்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், கையெழுத்துப் போடும் முன்பு அண்ணன் காதுபடவே கேளுங்கள். "வீட்டு ஆள் ஒருத்தர் கூடத் தங்கலாமா? இங்கே தனியாகப் பூட்டும் அறை இருக்கிறதா? ராத்திரி கலாட்டா வந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு எத்தனை மணிக்குள் போன் வரும்?" கோபமாக வேண்டாம், தெரிந்துகொள்ளும் குரலில். பதில் சொல்லத் தயங்கும் இடத்தை விட்டு வந்துவிடலாம். கூடத் தங்க விடும் இடம் சற்றுத் தூரமாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு நான் தரும் யோசனைகளில் ஒன்றை மட்டும் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள். அவருடைய சொந்த உடையை உடுத்திக்கொள்ளவும், சம்மதமில்லாமல் மொட்டையடிக்கப்படாமல் இருக்கவும் 20ஆம் பிரிவில் உரிமை இருக்கிறது; லுங்கியும் சட்டையும் இரண்டு செட் எடுத்துப் போங்கள்.

வார்டு பொறுப்பில் இருக்கும் சகோதரிகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று தெரியும். உங்களுக்கும் ஒன்று. இங்கிலாந்தில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் லென் பவர்ஸ் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், மிக எளிய மாற்றங்களைச் செய்தே கட்டு, பூட்டு, பலவந்த ஊசி போன்றவற்றைக் கால் பங்குக்குமேல் குறைத்தார்கள். அதட்டாமல் பேசப் பழகுவது, பதற்றமாக இருப்பவருக்குக் கையில் பிடித்துக்கொள்ளவோ கேட்கவோ ஏதாவது தருவது, டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர் புதிதாக வந்தவருக்கு நாலு வரி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவது. நம் வார்டுகளில் ஆள் குறைவுதான், சுவர் இருக்கிறதல்லவா?

நடந்ததற்குப் புகார் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்கும். கொடுக்கலாம். அவருடைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்க 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த இரண்டு நாளில் என்ன எழுதியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும். முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடம், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்ட உதவி இலவசம், 15100க்குப் பேசினால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு வழி சொல்வார்கள். ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அண்ணன் தேறிய பிறகு அவரே முடிவு செய்யட்டும். அவரைக் கேட்காமல் அவர் பேரில் இன்னொரு காரியம் நடக்க வேண்டாம்.

மேலே சொன்னதெல்லாம் ஓரிரு வாரம் அவகாசம் இருந்தால் செய்ய வேண்டியவை. சாகப் போகிறேன் என்று சொன்னாலோ, சாப்பாட்டையும் தண்ணீரையும் அடியோடு நிறுத்தினாலோ, யாரையாவது அடிக்க வெட்டக் கிளம்பினாலோ, "செத்துடு" என்று குரல் சொல்கிறது என்றாலோ காத்திருக்கக் கூடாது. 108க்குப் பேசுங்கள். பதிவு பெற்ற மருத்துவர் யாராக இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் உட்பட, 72 மணி நேரம் வரை அவசர மனநலச் சிகிச்சை தரவும் அருகிலுள்ள மனநலப் பிரிவுக்கு அனுப்பவும் 94ஆம் பிரிவு இடம் தருகிறது. "இது எங்க வேலை இல்ல" என்று யாராவது சொன்னால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். அப்போதும் ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் நீங்கள் ஏறுங்கள். எங்கே போகிறோம், என்ன நடக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போங்கள், அவர் கேட்பதுபோல் தெரியாவிட்டாலும்.

இன்றைக்கு ராத்திரி அம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு 14416க்கு நீங்கள் பேசிவிடுங்கள்.